கடையடைப்பன்று காந்தாரம்

புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
சேகனாவின் பஞ்சர் கடைக்கு மேலே
எட்டுக்குப் பத்து அறை.
வாடகை பேசும்போதே சொல்லிவிட்டார்:
"சத்தம் கெடக்கும் மேடம்."
என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.
வயலின் பெட்டியைத் தூக்கிப் பார்த்து
கனமில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

கேரளம் போய்த் திரும்பும் கோழி வண்டிகளின்
சக்கரத்துக்கு மருந்தடிப்பது என் வேலை.
இரவு எட்டுக்கு ஷிப்ட்.
அதற்கு முன்னால், ஐந்திலிருந்து ஆறரை வரை,
முப்பத்தாறு வயதில்
ஸரளி வரிசை.

ஐந்து மணிக்குத்தான்
கம்ப்ரசருக்கு மூச்சு வாங்கும்.
வைக்கோல் லாரி பின்னால் வர, கிளீனர் பயல்
வா வா வா என்று பலகையை அறைவான்.
தென்மலை பஸ்ஸின் ஹாரன்
எந்த ஸ்வரத்திலும் சேராமல்
இரண்டுக்கு நடுவில் வந்து நிற்கும்.
முன்னொரு என்ஜின் பின்னொரு என்ஜினாகக்
கொல்லத்து ரயில் மலையேறும்போது
சுவரில் முருகன் காலண்டர் ஆடும்.
ஆறுக்கு எதிர்க்கடையில்
கொத்துப் பரோட்டா.
அவன் தாளத்தில் தப்பே கிடையாது,
அதுதான் கஷ்டம்.
என் வில் அவனோடு போய்விடும்.

சுருதிப் பெட்டி போனுக்குள் இருக்கிறது.
நன்றாக இழுத்துக்கொண்டே இருந்து
நடுவில்
தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்கும்.

காதில் பஞ்சு வைத்தேன்.
என் தாடை எலும்பு கேட்டது.
ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கவிட்டேன்.
போர்வை நாறியதுதான் மிச்சம்.
குளியலறையில் உட்கார்ந்தால்
டைல்ஸ் என்னைப் பெரிய வித்வானாக்கியது.
பத்து நாள் நம்பினேன்.

பிறகு செவ்வாய்தோறும் ஒரு சிமெண்ட் லாரி
பேப்பருக்குக் காத்துக்கொண்டு
என்ஜினை அணைக்காமல்
ஜன்னலுக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது.
அதன் உறுமல் என் ஸட்ஜமத்துக்கு
ஒரு மயிரிழை கீழே.
லாரியை ஏற்ற முடியாது.
பிருடையைத் திருப்பி
நான் இறங்கினேன்.
கடன் கேட்காத சுருதி.
செவ்வாய்க்கிழமைகளில்
ஆரோகணம் அவரோகணம் இரண்டும்
வெண்ணெய் மாதிரி போயின.

ஒரு செவ்வாய், அந்தப் பக்கம் ஹர்த்தால்.
காலை ஆறிலிருந்து மாலை ஆறு.
புளியரை தாண்டி ஒரு சக்கரம் உருளவில்லை.
நாற்பது லாரி வரிசையில், அத்தனையும் அணைத்து.
பரோட்டாக் கல்லில் பூனை.
சேகனா கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மேற்கே மலையிலிருந்து
காற்று மட்டும் வந்தது. அதற்கு அனுமதி வேண்டாம்.

ஐந்து மணிக்கு வில்லை வைத்தேன்.
ஸ. சரி.
ரி. சரி.
க...

வில்லை எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
யாரோ நகத்தால்
எவர்சில்வர் தட்டைக் கீறுவது போல,
அதுவும் இறங்கி.
இத்தனை மாதம் இதையா?
லாரி உறுமலில் நனைந்து நனைந்து
எனக்கு இனித்தது இதுதானா?

கீழே நாற்பது டிரைவர்கள்.
சீட்டுக் கட்டைக் கலைக்கும் சத்தமும் நின்றிருந்தது.
எட்டிப் பார்க்கக் கூச்சம்.
அப்போது ஒரு குரல்,
சிமெண்ட் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்த
சாக்கோச்சனுடையது.
அவர் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும்:
"சேச்சீ, வண்டி ஸ்டார்ட்டாக்கட்டே?"

எத்தனை செவ்வாயாக இந்த மனிதர்
பேப்பர் கைக்கு வந்த பிறகும்
கிளம்பாமல் இருந்தார்?
கேட்கவில்லை.
"வேண்டாம், டீசல் விக்கிற விலைக்கு" என்றேன்.
வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள்.
மீதிப் பேருக்கு
மலையாளத்தில் யாரோ சொன்ன பிறகு
சிரிப்பு வந்தது.

நடுவிரலை ஓர் அரிசிமணி ஏற்றினேன்.
போதவில்லை.
இன்னும் அரை மணி.
இப்போது அதிகம்.
கொஞ்சம் பின்னால்.
நாற்பது பேர் கேட்க
ஒரே ஸ்வரத்தை
ஐந்தரை தாண்டியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"மேடம், அடுத்தது இல்லையா?" என்று
கீழேயிருந்து சேகனா.

ஆறு மணிக்கு
நாற்பது என்ஜினும் ஒன்றாக உயிர்த்தன.
காலண்டர் ஆடியது.
பூனை இறங்கி ஓடியது.
க சரியா என்று
இனி கேட்க வழியில்லை.
விரல் நின்ற இடத்தில்
பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு
மருந்தடிக்கக் கிளம்பினேன்.